பங்காருபேட்டையில் இறங்காதே

சாம்பியன் ரீப்ஸ்
ஜனவரி 22, வியாழன்

அன்புத் தம்பி லாய்டுக்கு அக்கா வினோலியா எழுதுவது. அந்தப் பாலைவனத்தில் ஆண்டவர் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கிறார் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் அப்படி இல்லை.

இதை நின்றுகொண்டு படிக்காதே. எங்கேயாவது உட்கார். லாய்டு, நம்ம புளோரா போய்விட்டாள். நேற்று, புதன்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு. எழுதிவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாரோ எழுதின மாதிரி இருக்கிறது.

போனில் பேச எனக்குத் தெம்பில்லை. மூன்று தடவை வாய்ஸ் போட்டேன், மூன்றிலும் அழுகைதான் இருந்தது, அழித்துவிட்டேன். அதனால் வழக்கம்போலக் காகிதத்தில் எழுதி உன் மருமகள் ஓவியாவிடம் கொடுக்கிறேன். அவள் போட்டோ எடுத்து அனுப்புவாள். நீ வெள்ளிக்கிழமை டவுனுக்கு வந்து டவர் கிடைத்ததும் பார்ப்பாய். பாவி, நீ அங்கே ஊரான் குதிரைக்குக் குளம்பு தேய்த்துக்கொண்டிருக்கிறாய். இங்கே உன் குதிரையை மண்ணில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை காலையில் தண்ணீர் வைக்கப் பின்பக்கம் போனேன். தை மாசக் குளிரில் அவளுக்கு வேர்த்துக் கொட்டுகிறது. வெள்ளை உடம்பு முழுக்க ஈரம், யாரோ குளிப்பாட்டிவிட்டுத் துடைக்காமல் போன மாதிரி. முன்னங்காலால் தரையைப் பறித்தாள். மதியத்துக்குள் பின்னங்கால் ரெண்டும் பின்னிக்கொண்டது. மேளச் சத்தம் கேட்டாலே தாளம் போடுகிற கால் தம்பி அது! குடிகாரன் கால் மாதிரி ஆகிவிட்டது. மூத்திரம் டிகாஷன் நிறத்தில் போனது. கால்நடை ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டர் வாணி ஸ்கூட்டரில் ஓடி வந்தார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் ஊற்றினார், ஊசி போட்டார், நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு இதயம் தாறுமாறாக ஓடுகிறது என்றார். புதன்கிழமை காலையில் படுத்துவிட்டாள். நம்ம லைன் வீடுகளில் இருக்கிற ஆம்பிளைகள் எட்டுப் பேர் சாக்கை அடியில் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார்கள். நிற்கவில்லை. தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

இது நோயில்லை. இது அனில் வேலை.

ஆமாம், பங்காருபேட்டையில் பேண்டு செட்டும் சாரட்டு வண்டியும் வைத்திருக்கிறானே, அதே அனில்தான். நீ பிளைட் ஏறுவதற்கு முந்தின மாசம் ஊரிகத்தில் நடந்த கல்யாணத்தில் யார் குதிரை மாப்பிள்ளையைச் சுமப்பது என்று நீயும் அவனும் சட்டையைப் பிடித்துக்கொண்டீர்களே, அதை அவன் மறந்திருப்பானா? திங்கட்கிழமை நம் வீட்டுக்கு வந்தான். தை முகூர்த்தம் நிறைய இருக்கிறது, தன் குதிரை ஒன்றுதான், புளோராவையும் கூட அனுப்புங்கள் என்று தேன் ஒழுகப் பேசினான். பேசிக்கொண்டே அவள் கழுத்தைத் தடவினான், பையிலிருந்து ரெண்டு வாழைப்பழம் எடுத்துக் கொடுத்தான். என் கண் எதிரே தின்றாள். மறுநாள் விழுந்துவிட்டாள். இதற்கு மேல் இன்னா சாட்சி வேண்டும்?

இன்னும் கேள். அப்போது நான் அவளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தேன். நீ லீவில் வரும்போது உனக்குக் காட்டலாம் என்று ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருந்தேன், இனி மறைத்து இன்னா பிரயோசனம்? போன பேட்ச் கோழிக்குஞ்சுகள் நம் ஷெட்டில் கால் மடங்கிப் படுத்துக்கொண்டன என்று சொன்னேன் அல்லவா? அலகெல்லாம் ரப்பர் மாதிரி வளைந்தது. நமக்குக் குஞ்சும் தீவனமும் இறக்குகிற கம்பெனியின் சூப்பர்வைசர் சரத் வந்து பார்த்தான். அந்த லோடு தீவனத்தில் தாது உப்புக் கலவை சரியில்லை, கால்சியமும் பாஸ்பரசும் குறைகிறது என்று சொல்லி வேறு மூட்டை இறக்கினான். ஒரே வாரம், படுத்த குஞ்சுகள் எழுந்து ஓடின. எனக்கு வாய் பிளந்துவிட்டது. நம்ம புளோராவுக்கோ குளம்பில் வெடிப்பு, ரோமம் மங்கிவிட்டது, விலா எலும்பு எண்ணலாம். கையளவு குஞ்சை நாற்பது நாளில் ரெண்டு கிலோ ஆக்குகிற தீவனம் ஒரு குதிரையைத் தேற்றாதா என்று நினைத்தேன்.

பொங்கலுக்கு முன்னால் கோழிகளை லாரி ஏற்றினோம். அரை மூட்டை மிச்சம். மிச்சத் தீவனத்தைக் கம்பெனிக்குத் திருப்பித் தரணும் என்பது அவர்கள் சட்டம். நான் ஸ்கூட்டரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நம்ம நைனா தங்கச் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வரும்போது தோளில் மிச்சக் கட்டை இல்லாமல் என்றைக்காவது வந்தாரா? ஷாப்டில் மிச்சமானது நம்ம அடுப்புக்கு. நாம் வளர்ந்ததே அப்படித்தானே, அதைப் போய் யார் திருட்டு என்பார்கள்?

தவிட்டில் கலந்து வைத்தேன். மகாராணி முகர்ந்து பார்த்து மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள். வெல்லம் தட்டிப் போட்டேன், சாப்பிட்டாள். நாலு நாள் காலையும் மாலையும் ஒவ்வொரு டப்பா. திங்கட்கிழமை மறுபடியும் முரண்டு. வெல்லத்தை இன்னும் கொஞ்சம் போட்டு உருண்டை பிடித்து ஊட்டினேன். இந்த அனில் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுச் சொல்கிறான், அக்கா, குதிரை வேண்டாம்னு சொன்னா விட்டுடுங்க, வாயைத் திறந்து திணிக்காதீங்க என்று. எனக்கே பாடம் எடுக்கிறான்! நம்ம குதிரை தேறிவிட்டால் இவன் வண்டியை எவன் கூப்பிடுவான்? அத்தனையும் வயிற்றெரிச்சல்.

இன்னா தீனி போட்டீங்க என்று டாக்டரம்மா கேட்டார். கொள்ளும் தவிடும் என்றேன். மூட்டை விஷயம் வெளியே வந்தால் சரத் காதுக்குப் போகும், அடுத்த பேட்ச் குஞ்சு இறக்கமாட்டான். நான் போட்டது சத்து, அதைச் சொல்லி இன்னா ஆகப்போகிறது? வாழைப்பழத்தை மட்டும் ரெண்டு தடவை அழுத்திச் சொன்னேன். போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். டாக்டரம்மா அறுத்துப் பார்த்து, வயிற்றிலிருந்தும் இதயத்திலிருந்தும் கொஞ்சம் எடுத்துப் பாட்டிலில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

ஜேசிபி வந்து புதைத்த கையோடு நானும் உன் மாமாவும் நேரே பங்காருபேட்டைக்குப் போனோம். பஜாரில் அனில் கடைக்கு எதிரில் நின்றேன். தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் தொடர்ந்து, கன்னடத்தில் முடித்தேன். ஒருத்தருக்கும் புரியாமல் போகக்கூடாது பார். வாயில்லா ஜீவனுக்கு விஷம் வைத்தவன், இவன் வண்டியில் உங்கள் பிள்ளைகளை ஏற்றாதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். உன் மாமா ரோனியைப் பற்றித் தெரியுமே, எறும்பைக்கூட மிதிக்கமாட்டார். அவர் கல்லை எடுத்து சாரட்டு வண்டியின் கண்ணாடி விளக்கு ரெண்டையும் உடைத்துவிட்டார். அனில் வாயே திறக்கவில்லை. குற்றம் செய்தவன் இன்னா பேசுவான்?

சலங்கையைக் கழற்றி உன் பெட்டியில் வைத்திருக்கிறேன். நீ பட்டினி கிடக்காதே. கர்த்தர் நியாயம் செய்வார், அவர் செய்யாவிட்டால் நாம் இருக்கிறோம்.

தூக்கமில்லாத உன் அக்கா,
வினோலியா


சாம்பியன் ரீப்ஸ்
ஜனவரி 29, வியாழன்

லாய்டு,

இந்தக் கடிதத்தை ஓவியா போட்டோ எடுக்கப்போவதில்லை. நானே எடுப்பேன். கோணலாக இருந்தால் போனைத் திருப்பிப் படித்துக்கொள்.

போன வெள்ளிக்கிழமை நீ அனுப்பிய வாய்ஸைக் கேட்டோம். பிப்ரவரி பத்தாம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன், பெங்களூரில் இறங்கி ரயில் ஏறி முதலில் பங்காருபேட்டையில்தான் இறங்குவேன், அனில் கையை உடைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன் என்று சொல்லியிருந்தாய். உன் குரல் உன் குரலாகவே இல்லை. உன் மாமா அதை அப்படியே அனிலுக்கு அனுப்பிவைத்தார். அன்றைக்கு எனக்கு அது இனித்தது, பொய் சொல்லமாட்டேன். என் தம்பி வருகிறான்டா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

நேற்று மத்தியானம் டாக்டர் வாணி வந்தார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதில் ஈரமாகக் கொஞ்சம் மஞ்சள் குருணை. அம்மா, இது உங்கள் குதிரை வயிற்றில் இருந்தது, கொள்ளும் தவிடும் இப்படி இருக்காதே என்றார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். பெங்களூர் லேப் ரிப்போர்ட் வந்துவிட்டது, வாழைப்பழத்தில் ஒன்றுமில்லை, இந்தக் குருணையில்தான் இருக்கிறது என்றார். இன்னா இருக்கிறது என்று கேட்டேன்.

கோழித் தீவனம் போட்டீங்களா என்றார். அப்போதும் நான் உடனே ஆமாம் என்று சொல்லவில்லை லாய்டு. சரத் முகம்தான் கண் முன்னால் வந்தது. அவரே பின்பக்கம் போய்க் தீனிக் கூடையைத் திறந்து பார்த்துவிட்டார், மிச்சத் தீவனம் மூட்டையோடு அங்கேயே இருந்தது. மூட்டை வாயில் மஞ்சள் சீட்டு ஒன்று தைத்திருப்பார்களே, அது எங்கே என்று கேட்டார்.

அது என் பைபிளில் இருந்தது. தடிமனான காகிதம், மடங்காது, நல்ல மஞ்சள் நிறம். ஒவ்வொரு மூட்டை பிரிக்கும்போதும் அந்தச் சீட்டை எடுத்து வைத்துக்கொள்வேன், சங்கீதத்தில் ஒன்று, யோவானில் ஒன்று என்று அடையாளத்துக்கு வைத்திருக்கிறேன். தினம் காலையில் கையில் எடுக்கிற சீட்டு. எடுத்துக் கொடுத்தேன். டாக்டரம்மா ஒரு இடத்தில் விரலை வைத்து வாசித்தார். ஒரு வரி இங்கிலீஷ், அதே வரி கன்னடத்தில். குதிரைகளுக்குக் கொடுக்கக் கூடாது, உயிருக்கு ஆபத்து.

எனக்குக் கன்னடம் பேசத் தெரியும், சண்டை போடத் தெரியும், படிக்கத் தெரியாது. இங்கிலீஷும் வராது. அது உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் வீட்டில் ஓவியா இருக்கிறாள், ரெண்டும் படிப்பாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இது இன்னா எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை பார்.

டாக்டரம்மா உட்கார்ந்து விளக்கினார். கோழிகளுக்கு ரத்தக்கழிச்சல் என்று ஒரு நோய் வரும், குடலையே அரித்துவிடும். அது வராமல் இருக்க மில்லிலேயே தீவனத்தோடு ஒரு மருந்தைக் கலந்துவிடுகிறார்கள். சாலினோமைசின் என்று பேர் சொன்னார், சீட்டிலும் போட்டிருக்கிறது. கோழிக்கு அது பாதுகாப்பு. குதிரைக்கு அதே அளவு போனால் இதயத்தையும் சதையையும் பிடித்து உடைக்கும், பின்னங்கால் முதலில் போகும், மாற்று மருந்து கிடையாது. நீங்கள் நினைத்த கால்சியமும் பாஸ்பரசும் அதில் இருந்தது உண்மைதான், கூடவே இதுவும் இருந்தது என்றார். கால் மடங்கின குஞ்சுகள் எழுந்ததைப் பார்த்துவிட்டு நான் அவள் காலையே மடக்கிப் போட்டிருக்கிறேன்.

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். தெரியாதும்மா என்றார். பிழைத்திருக்கமாட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அந்தப் பொண்ணு. சொல்லவில்லை.

இப்போது ஒவ்வொன்றாக வருகிறது. அவள் முகர்ந்து பார்த்ததும் முகத்தைத் திருப்பினாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வேண்டாம் என்று எவ்வளவு தெளிவாகச் சொன்னாள்! அதைப் புரிந்துகொண்டு எனக்குச் சொன்னவன் அனில் ஒருத்தன்தான். நான் வெல்லம் போட்டேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் என்னிடம் இருக்கிறது, பழியை மூன்று பாஷையில் அவன் தலையில் கொட்டிவிட்டு வந்தேன்.

உன்னை ஒரு வெள்ளிக்கிழமை கேட்டிருந்தால் போதும். நீ குதிரை லாயத்தில் இருப்பவன், கேட்ட நொடியில் சொல்லியிருப்பாய். நீ வந்து இறங்கும்போது அவள் கண்ணாடி மாதிரி மின்னணும், அக்கா எப்படி வளர்த்திருக்கிறாள் என்று நீ மலைக்கணும். அந்த ஆசைக்காக மறைத்தேன்.

உன் மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. இதை எப்படி அனுப்புவது என்று தெரியவில்லை.

வினோலியா


சாம்பியன் ரீப்ஸ்
பிப்ரவரி 5, வியாழன்

என் ராசா லாய்டு,

மேலே இருக்கிற கடிதத்தைப் போன வாரம் எழுதினேன், அனுப்பவில்லை. அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டேன். இப்போது ரெண்டையும் சேர்த்து அனுப்புகிறேன், படமெடுத்தது ஓவியாதான். நேராக இருக்கும்.

போன வெள்ளிக்கிழமை நீ மறுபடி வாய்ஸ் போட்டாய். லீவு உறுதியாகிவிட்டது என்றாய், ஊரில் எவன் தடுத்தாலும் நிற்கமாட்டேன் என்றாய். நான் கேட்டுவிட்டு ஒன்றும் பதில் போடாமல் ஷெட்டுக்குப் போய்விட்டேன். புதுக் குஞ்சு இறக்கியிருக்கிறது. தீவனம் அள்ளிப் போடும்போது கை அந்தக் குருணைக்குள் போகிறது, உடம்பு கூசுகிறது. ஆனாலும் போட்டுத்தானே ஆகணும், அந்தக் குஞ்சுகள் இன்னா பாவம் செய்தன.

செவ்வாய்க்கிழமை ஓவியா அரிசி அளக்கப் போய்க் காகிதத்தைப் பார்த்துவிட்டாள். படித்துவிட்டு என் எதிரில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று பார்த்தேன். அம்மா, நீ அனுப்புறியா, நான் அனுப்பட்டுமா என்று மட்டும் கேட்டாள். சாயங்காலம் உன் மாமாவுக்கும் சொன்னேன். அவர் வேலையிலிருந்து வந்து சட்டைகூட மாற்றவில்லை, அப்படியே சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அந்த மனுஷன் ஜென்மத்தில் எறிந்த ஒரே கல் அது, லாய்டு. அதையும் என் பேச்சை நம்பித்தான் எறிந்தார்.

நேற்றுக் காலையில் மூன்று பேரும் பங்காருபேட்டைக்குப் போனோம். போலீசில் எழுதிக் கொடுத்ததை முதலில் திரும்ப வாங்கினோம். பிறகு அனில் கடை. பாதி ஷட்டர் இறக்கியிருந்தது. தை மாசம், லாய்டு! முகூர்த்த நாள்! பேண்டுக்காரப் பசங்கள் டிரம்மை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நான் கத்தினதிலிருந்து ஒருத்தரும் அவனைக் கூப்பிடவில்லையாம், முன்பணம் கொடுத்திருந்த ரெண்டு கல்யாணமும் போய்விட்டதாம். உன் வாய்ஸைக் கேட்டதிலிருந்து அவன் மனைவி அவனைத் தனியாக வெளியே விடுவதில்லையாம். உடைந்த விளக்கோடு சாரட்டு வண்டி ஓரமாக நின்றது. உன் மாமா அதைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் உள்ளே போய் மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். தம்பி, என்னை மன்னிச்சிடு, நான்தான் என் கையால் கொன்றேன் என்றேன். அனில் குதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நிறுத்தவில்லை. தேய்த்துக்கொண்டே சொன்னான், திட்டும்போது ரோட்டில் நின்று திட்டினீங்க, மன்னிப்பு மட்டும் கடைக்குள்ளே வந்து காதில் சொல்றீங்களே அக்கா, அன்றைக்கு நின்ற இடத்திலேயே நின்று, அன்றைக்குப் பேசின அத்தனை பாஷையிலும் சொல்லுங்க என்று.

வாயாடி வினோலியா என்று பேர் வாங்கினவள் நான். ரோட்டுக்குப் போனேன். தமிழில் சொன்னேன், என் குதிரையை இவன் கொல்லவில்லை, நான்தான் கொன்றேன், கோழித் தீவனத்தை வெல்லத்தில் கலந்து ஊட்டிக் கொன்றேன். கம்பெனிக்குத் தரவேண்டிய மூட்டையை எடுத்து வந்ததையும், டாக்டரிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். தெலுங்கில் சொல்லும்போது கூட்டம் கூடிவிட்டது. கன்னடத்தில் பாதியில் எனக்கு வார்த்தை வரவில்லை. திட்டுவதற்கு அத்தனை வார்த்தை தெரிந்தது, தப்பு என் மேல்தான் என்று சொல்ல ஒரு வார்த்தை தெரியவில்லை பார். ஓவியா பக்கத்தில் வந்து நின்று எடுத்துக் கொடுத்தாள், நான் திருப்பிச் சொன்னேன். பூக்காரி ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருத்தன் சிரித்தான். சிரிக்கட்டும்.

அனில் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தோம், குடிக்கவில்லை. நாங்கள் கிளம்பும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டான். உங்க தம்பி எந்த வண்டியில வர்றார், அக்கா? கேட்கும்போது அவன் கை குதிரையின் கழுத்தை விடவில்லை. அவன் முகத்தைப் பார்த்ததும்தான் உன் வாய்ஸ் அவன் வீட்டில் இத்தனை நாளாக இன்னா செய்துகொண்டிருந்தது என்று எனக்குப் புரிந்தது. என் தம்பி பங்காருபேட்டையில் இறங்கமாட்டான் என்று சத்தியம் செய்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். என் சத்தியத்துக்கு இனி இன்னா மதிப்பு என்று அவன் நினைத்திருப்பான், கேட்கவில்லை.

சரத்துக்கும் விஷயம் போய்விட்டது. ஷெட்டை வந்து பார்த்தான், திட்டினான், இந்த பேட்ச்சோடு முடிந்தாலும் முடியும் என்றான். அது நடக்கிறபடி நடக்கட்டும். சீட்டுகளையெல்லாம் பைபிளிலிருந்து எடுத்துவிட்டேன். குதிரை, நாய், மாடு வைத்திருக்கிற எல்லார் வீட்டுக்கும் ஓவியா அந்த வரியைப் பெரிதாகத் தமிழில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். நான் போனால் கதவைத் திறப்பார்களோ மாட்டார்களோ.

உனக்குக் கோபம் வரும். வரணும். அவள் குட்டியாக இருந்தபோது நீ பால் புட்டியில் ஊட்டினாய், நான் இப்படி ஊட்டினேன். என்னிடம் பேசமாட்டேன் என்றாலும் எனக்குப் புரியும். ஆனால் நாளைக்கு இதைப் பார்த்ததும் ஒரு வார்த்தை அனுப்பு தம்பி, கெட்ட வார்த்தையாக இருந்தாலும் சரி. நீ படித்துவிட்டாய் என்று எனக்குத் தெரியணும். தெரியாவிட்டால் பத்தாம் தேதி விடிந்ததும் நான் பங்காருபேட்டை ஸ்டேஷனுக்கு வந்து அனில் கடைக்குப் போகிற வழியில் நின்றுகொள்வேன்.

வண்டி பங்காருபேட்டையில் ரொம்ப நேரம் நிற்கும். இறங்காதே. ஜன்னலைக்கூடத் திறக்காதே. உன் கோபத்தில் ஒரு பொட்டுக்கூட அங்கே சிந்தாமல் எடுத்துக்கொண்டு வா. கோரமண்டல் வரும், ஊரிகம் வரும், அப்புறம் நம்ம ஸ்டேஷன். பிளாட்பாரத்தில் நான் தனியாகத்தான் நிற்பேன், மாமாவையும் பிள்ளையையும் கூட்டிவரமாட்டேன். நீ உடைக்கணும் என்று சொன்ன கை என்னுடையது.

நீ போகிற வழியெல்லாம் ஆண்டவர் உன் கால் இடறாமல் காக்கட்டும்.

உன் அக்கா என்று இன்னும் போட்டுக்கொள்ளலாமா தெரியவில்லை,
வினோலியா